என் அனுபவம்: மூன்று வார நோட்டு

என் மகனுக்கு எட்டு வயது. எழும்பூரிலிருந்து புறப்படும் ரயில்களின் எண்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஆனால் பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். "அடம்" என்றார் ஆசிரியை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார் மாமியார். அது ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் ஒலி போன்றவற்றை உணர்வதும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை என்று அப்போது தெரியாது. நானும் நம்பி ஒன்றரை ஆண்டைத் தொலைத்தேன்.

பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். எப்போது அலறினான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மூன்று வாரம் குறித்தேன். "நன்றாகத்தான் பேசுகிறானே" என்று முன்பு திருப்பி அனுப்பிய குழந்தை மருத்துவர், அதைப் புரட்டிப் பார்த்த பிறகே சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே இந்திய ஆட்டிச அளவுகோலின் 40 கூறுகளிலும் மதிப்பிட்டார்கள். அவனைப் பார்த்ததைவிட என்னைக் கேட்டதுதான் அதிகம். நோட்டு அப்போதும் கைகொடுத்தது. பேச்சு தாமதமாகாத குழந்தைகளுக்கு முன்பு சொல்லப்பட்ட 'ஆஸ்பெர்ஜர்' என்ற சொல் அறிக்கையில் இல்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டதாம். பெயருக்காக நான் மல்லுக்கட்டவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு அது போதும்.

அறிக்கையின் நகலோடு தலைமையாசிரியரிடம் இரண்டே கோரிக்கை வைத்தேன்: மணியிலிருந்து தள்ளி ஓர் இருக்கை, மணி அடிக்கப்போவதை அவனுக்கு முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள். பக்கத்து இருக்கைச் சிறுமி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். கூலியாக தினம் ஒரு ரயில் எண் கேட்கிறாளாம்.