பள்ளி அசெம்பிளியில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் அசெம்பிளி. அன்றைய குறள் ‘இனியவை கூறல்’ அதிகாரத்திலிருந்து. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்ததை ஒரு சிறுமி திக்கித் திணறி வாசித்து முடித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் ஆசிரியர் மைக்கை வாங்கி, தாமதமாக வந்த பையனைப் பேர் சொல்லி முன்னால் அழைத்தார். “நேரம் என்னன்னு எல்லாருக்கும் சொல்லு!” பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த ஆசிரியர் நான்தான்.

பழம் இருக்கக் காயைத் தின்பதென்று அந்தக் குறள் சொல்வது என்னவென்று அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வருகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த மூன்று வாரம் அசெம்பிளி முடியும்வரை கழிவறையில் நின்றிருக்கிறான். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் 1996இலேயே பிரம்படியைத் தடை செய்துவிட்டது. அந்த வேலையை இப்போது மைக் பார்க்கிறது. கண்டிக்க வேண்டியதைத் தனியே, வராந்தாவில் சொன்னால் போதும். பாராட்டைக்கூட எல்லாப் பிள்ளைகளும் கூட்டத்தில் விரும்புவதில்லை.

குறளை ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. வாரத்துக்கு ஒன்று போதும். பொருளை அவர்களுக்குப் புரியும் மொழியில், ஆங்கிலமானாலும் சரி, சொல்லிவிட்டு, “இந்த வாரம் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். அக்காவோடு போட்ட சண்டையெல்லாம் வெளியே வரும்.

வார நாள் பள்ளியில் சிக்கல் வேறு. ஒரே வரிசையில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் நிற்பார்கள். அரசுப் பள்ளியில் வழிபாடு நடத்தலாம். ஆனால் எல்லா மதத்தையும் சமமாக நடத்த வேண்டும், பங்கேற்பது அவரவர் விருப்பம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரே மதத்தின் பள்ளி என்று அரசுப் பள்ளி தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாதென 2017இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ‘விருப்பம்’ என்று சொல்லிவிட்டு, விலகும் பிள்ளையை எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே நிறுத்துவது தண்டனைதான். ஒரு நிமிட மௌனம் வைத்தால் யாரும் வெளியேற வேண்டியதில்லை.

மேடை ஏறுவதும் எப்போதும் அதே நாலு பேர். நம் தேசிய கீதம் கோசா, சூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழியில் போகிறது. செசோத்தோ வரி வந்ததும் நம் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். அந்த மொழி தெரிந்த, மேடையே ஏறாத ஒரு பிள்ளையைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். வரிசையில் அவன் நிற்கும் விதமே மாறிவிடும்.

நீண்ட பேச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் பத்து நிமிடம் தாண்டினால் சின்னப் பிள்ளைகள் தரையைத்தான் பார்ப்பார்கள். தலைமையாசிரியர்களிடம் இதைச் சொல்லலாம்தான், ஆனால் மைக் அவர்கள் கையில் இருக்கிறதே.