கவ்வாத்துக் கத்தியின் வாய் உதிர்கிறதா? தோய்ச்சலை முழுமையாகப் போடும் முறை

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கவ்வாத்து, அதாவது செடிகளை வெட்டிவிடும் வேலை, தொடங்கிவிட்டால் புதுக் கத்திகளைப் பற்றி ஒரே புலம்பல்தான். மழுங்குவதில்லை, ஆனால் முற்றிய தண்டில் நான்கு வெட்டு விழுந்ததும் வாய் சில்லு சில்லாக உதிர்கிறது. உடனே "இரும்பு மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரும்பில் குறையில்லை. தோய்ச்சலை, அதாவது இரும்பைக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றி இறுக்கி, பிறகு பதம் இறக்கும் வேலையை, பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 விழுக்காடு இருக்கும். அடிப்பதும் இழைப்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. வாயை மட்டும் இப்போதே மெலிதாக்காதீர்கள், எண்ணெயில் இறக்கும்போது நெளிந்துவிடும்.

1. உலை. சீகை மரக் கரியும் ஒரு சின்ன ஊதியும் போதும். கேஸ் டார்ச் எனக்குப் பிடிக்காது. ஓரிடம் வெளுத்துக் காயும்போது பக்கத்து இடம் கறுப்பாகவே கிடக்கும். மூட்டம் போட்ட நாள் உத்தமம். வெயிலில் இரும்பின் சிவப்பைக் கண் குறைத்தே மதிப்பிடும். நாம் மேலும் மேலும் காய்ச்சிக்கொண்டே போவோம்.

2. காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்குமேல் ஒரு சாயல் சிவப்பு ஏறினால் போதும். ஆரஞ்சு நிறம் வரை விட்டால் உள்ளே இருக்கும் படிக மணிகள் பெருத்துவிடும். ஒரு துண்டை அப்படிக் காய்ச்சித் தோய்த்து, துணியில் சுற்றி ஒடித்துப் பாருங்கள்: ஒடிந்த முகம் கல் உப்பைப் போல மினுமினுக்கும். சரியான சூட்டில் தோய்த்த துண்டின் முகமோ மங்கிய சாம்பல் நிறத்தில், பட்டுப்போல இருக்கும். பெரிய மணிகளுக்கிடையே விரிசல் தடையின்றி ஓடும். சிறு மணிகளில் எல்லைக்கு எல்லை முட்டி நிற்கும்.

3. எண்ணெய். சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. தேங்காய் எண்ணெய் இங்கே பாதி நாள் உறைந்தே கிடக்கிறது. கெட்டியான எண்ணெய் சூட்டை மெதுவாக வாங்கும். எந்த எண்ணெயானாலும் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கிவிட்டு, கத்தியை நேராக, முனை கீழாக இறக்குங்கள். தீப்பிடிக்கும், மூடி பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிங் பட்டை விரிசல் விடும்.

ஆறியபின் அரத்தால் இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கினால் இறுகிவிட்டது. பலரும் இந்த இடத்தில் மகிழ்ந்துபோய்க் கைப்பிடி போட்டுவிடுகிறார்கள்.

4. பதம் இறக்குதல். இறுகிய இரும்பை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் இது. ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். செந்நிறச் சூட்டில் இரும்பின் அணுக்கள் வேறொரு வரிசைக்கு மாறுகின்றன. அந்த வரிசை 2 விழுக்காடு வரை கார்பனைக் கரைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறினால் பழைய வரிசை திரும்பும். அதில் கார்பனுக்கு 0.02 விழுக்காடு அளவுக்குத்தான் இடம். மீதி வெளியேறி, தனிப் படலமாக ஒதுங்கும். எண்ணெயில் சட்டென்று ஆற்றினால் வெளியேற நேரமில்லை. கார்பன் உள்ளேயே சிக்கி, அணுக்கூட்டை ஒரு பக்கமாக இழுத்து நிற்கும். இதுதான் மார்ட்டென்சைட். செம்புக் கம்பி வளைவது, அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக நழுவுவதால். மார்ட்டென்சைட்டில் நழுவ வழியில்லை. நழுவ முடியாத உலோகம் அடிபட்டால் வளையாது, வெடிக்கும்.

ஆகவே அன்றைக்கே, ஆறிய கையோடு, அடுத்த வேலை. கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அடுப்படி ஓவனில் 200 டிகிரி சுமாரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஓவனின் முள்ளை நம்பாதீர்கள், இரும்பின் நிறத்தை நம்புங்கள்: வைக்கோல் மஞ்சள் வர வேண்டும். பிறகு முதுகை மட்டும் தணலில் காட்டினால் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் வாயை நோக்கி நகரும். முதுகு நீலமாகவும் வாய் பழுப்பைத் தாண்டாமலும் இருக்கும்போது தண்ணீரில் நனைத்து நிறுத்திவிடுங்கள். சிக்கிய கார்பனில் கொஞ்சம் நுண்துகளாக வெளிவந்து இறுக்கம் தளர்ந்திருக்கும். கடினம் சிறிது குறையும், குறையட்டும். இனி வாயைத் தீட்டலாம்.

பின்சேர்க்கை: உடைந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லையும் இப்படிச் சரிசெய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது. அதில் கார்பன் 3 விழுக்காட்டுக்கு மேல். கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும், ஒவ்வொரு செதிலும் ஆயத்தமான விரிசல்.

இன்னொன்று: கம்பித் துண்டில் பழகிப் பார்த்தேன், அரம் வழுக்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு, தோய்ச்சல் சரியாக ஏறாது. துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் உலையில் வைத்துவிடாதீர்கள்; அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.