ஜப்பான் உயிரியல் பூங்காவுக்குப் புது விலங்கு வந்திருக்கிறதா? எந்த நாள் போனால் பார்க்கலாம்

“யானை வந்தாச்சு” என்ற அறிவிப்பைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜப்பானியப் பூங்காக்கள் விலங்கு வந்து இறங்கியதை ஓர் அறிவிப்பாகவும், மக்கள் பார்வைக்கு விடுவதை இன்னோர் அறிவிப்பாகவும் தருகின்றன. இரண்டுக்கும் நடுவே வாரங்கள் போகலாம், மாதங்களும் போகலாம். மியான்மரிலிருந்து சாப்போரோவின் மாருயாமா பூங்காவுக்கு 4 ஆசிய யானைகள் வந்தது 2018 நவம்பர் இறுதியில். மக்கள் அவற்றைப் பார்த்தது 2019 மார்ச்சில்.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டியவை நான்கு சொற்கள். ‘ராய்என்’ என்றால் விலங்கு பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ‘இப்பான் கோகாய்’ என்றால் பொதுமக்கள் பார்க்கலாம். இதற்குப் பக்கத்தில் இருக்கும் தேதிதான் உங்களுக்கு வேண்டிய தேதி. ‘தென்ஜி சூஷி’ என்றால் காட்சி நிறுத்தப்பட்டிருக்கிறது. ‘தென்ஷுட்சு’ என்றால் விலங்கு வேறு இடத்துக்குப் போகிறது. அறிவிப்பில் ‘ராய்என்’ மட்டும் இருந்தால் பயணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

தேதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. நகராட்சி நடத்தும் பூங்காக்களின் அறிவிப்புகளில் ஆண்டு பல சமயம் ரெய்வா கணக்கில் இருக்கும். ரெய்வா என்பது இப்போதைய பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர். ரெய்வா எண்ணோடு 2018-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்: ரெய்வா 7 என்பது 2025. வயதான விலங்கின் பிறந்த ஆண்டு ஹெய்செய் (முந்திய பேரரசரின் காலம்) என்று இருந்தால் 1988-ஐக் கூட்டுங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘நெண்டோ’ என்று வந்தால் அது நிதியாண்டு, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ‘ரெய்வா 8 நெண்டோவில் வரும்’ என்ற விலங்கு 2027 மார்ச்சில் வந்தாலும் சொன்ன சொல் தவறியதாகாது. கட்டட வேலைகளும் இந்த நிதியாண்டுக் கணக்கை ஒட்டியே நடப்பதால், புதுக் காட்சிக்கூடங்கள் மார்ச்சில் திறப்பது சகஜம். மாருயாமாவின் பனிக்கரடிக் கூடம் 2018 மார்ச்சிலும், யானைக்கூடம் 2019 மார்ச்சிலும் திறந்தன. இந்தக் கூடங்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரலின் முதல் மூன்று வாரங்கள் வசதியானவை. ஏப்ரல் 29-இல் தொடங்கும் பொன் வார விடுமுறையில் போனால் விலங்கைவிட மனிதத் தலைகளையே அதிகம் பார்ப்பீர்கள்.

வந்த விலங்கை ஏன் உடனே காட்டுவதில்லை? வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் அரசின் தனிமைப்படுத்தல். குரங்கினங்களுக்கு 30 நாள், பிளவுபட்ட குளம்பு உள்ளவற்றுக்கு 15 நாள். உள்நாட்டிலேயே ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு வந்தாலும், சாணத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா, தீனி ஒழுங்காக எடுக்கிறதா என்று பூங்கா தன் பங்குக்குத் தனியே வைத்துப் பார்க்கும். அதன்பின் விலங்கு இரவு அறைக்குப் பழக வேண்டும். பராமரிப்பாளரின் குரல், கதவு ஏறி இறங்கும் சத்தம், கூப்பிட்டால் உள்ளே வருவது எல்லாம் அங்கேதான் பழக்கமாகும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மாலையில் உள்ளே வரத் தெரியாத விலங்கைக் காலையில் வெளியே விட்டால் இரவு முழுக்க யாராவது காவல் இருக்க வேண்டியிருக்கும். அதனால் வெளி அடைப்பில் விட்டுப் பழக்குவதைப் பூங்கா மூடியிருக்கும் நாளிலோ, வாயில் திறக்கும் முன்போ தொடங்குவார்கள். மக்கள் பார்வைக்கு விட்ட பிறகும் முதல் நாட்களில் நேரம் குறைவாகவே இருக்கும். காலை ஒன்றிரண்டு மணி நேரத்தோடு நிறுத்துவதும் உண்டு. ‘உடல்நிலையைப் பொறுத்து மாறலாம்’ என்ற வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கும். அதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ண வேண்டாம். விலங்கு வெளியே வர மறுத்தால் வற்புறுத்த மாட்டார்கள். அடைப்பு அன்று காலியாகவே கிடக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஒரே அடைப்பை இரண்டு விலங்குகள் முறைவைத்துப் பயன்படுத்துவது. பனிக்கரடி, பனிச்சிறுத்தை, புலி போன்றவை இனச்சேர்க்கைக் காலம் தவிரத் தனியாக வாழ்பவை. காலையில் ஒன்று, பிற்பகலில் மற்றொன்று என்று விடுவார்கள், அல்லது நாள் விட்டு நாள். புதிதாக வந்தது எந்த முறையில் வெளியே வருகிறது என்பது அறிவிப்பிலோ அடைப்பின் முன் உள்ள பலகையிலோ இருக்கும். அதைப் படிக்காமல் பழைய விலங்கைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம்.

பருவத்தைத் தெரிந்து வைத்திருந்தால் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஊகிக்கலாம். பனிக்கரடிகள் நவம்பர், டிசம்பரில் ஈனும். அதற்கு முன்பே தாயை இருட்டான, சத்தமில்லாத பிரசவ அறைக்குள் விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு பெண் பனிக்கரடியின் காட்சி காரணம் சொல்லாமல் நின்றால், காரணம் அநேகமாக இதுதான். குட்டி வெளியே வர மார்ச் ஆகும். சிவப்புப் பாண்டாக்கள் ஜூன், ஜூலையில் ஈனும். குட்டிகள் சுமார் மூன்று மாதம் கூட்டுப்பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்பதால் அக்டோபருக்கு முன் போவது வீண். அவற்றின் இனச்சேர்க்கை குளிர்காலத்தின் பிற்பகுதியில் நடப்பதால், ஜோடி சேர்க்க ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் மாற்றங்கள் அதற்கு முந்திய மாதங்களில் வருவது வழக்கம்.

ஒட்டகச்சிவிங்கியின் கதை வேறு. ஜப்பானியச் சாலையில் வண்டியின் உயரம் பொதுவாக 3.8 மீட்டரைத் தாண்டக் கூடாது, குறிப்பிட்ட சில சாலைகளில் மட்டும் 4.1 மீட்டர். லாரியின் தளத்தின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சும் இடத்தில் வளர்ந்த விலங்கு நிற்காது. அதனால் இளசாக இருக்கும்போதே இடம் மாற்றுவார்கள். குட்டி ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க ஆசை இருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்தங்களில் பெரியது பறவைக் காய்ச்சல். குளிர்காலத்தில் அருகில் எங்காவது கிருமி தென்பட்டாலே பறவைக் கூடங்களை மூடுவார்கள், பென்குயின் நடைபோடும் நிகழ்ச்சியை ரத்து செய்வார்கள். நகோயாவின் ஹிகாஷியாமா பூங்காவில் 2016 டிசம்பரில் பறவைகளிடமே நோய் கண்டுபிடிக்கப்பட்டதால் பூங்கா முழுவதையும் மூட வேண்டியதாயிற்று. 2018-இல் கிஃபு மாநிலத்தில் பன்றிக் காய்ச்சல் திரும்பத் தலைகாட்டியதிலிருந்து பன்றியினக் காட்சிகளும் இப்படித் திடீரென்று நிற்பதுண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைக்காக மட்டும் தொலைவிலிருந்து பயணம் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

விடுமுறை நாள் பூங்காவுக்குப் பூங்கா மாறும். டோக்கியோவின் உயெனோ, நகோயாவின் ஹிகாஷியாமா, ஒசாகாவின் டென்னோஜி ஆகியவற்றுக்குத் திங்கள். யோகோஹாமாவின் ஜூரேஷியாவுக்குச் செவ்வாய். டோக்கியோவின் தாமாவுக்கும் கோபேயின் ஓஜிக்கும் புதன். உயெனோ போன்ற இடங்களில் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்துவிட்டு மறுநாள் மூடுவார்கள். நீண்ட வார இறுதிக்குப் பிறகு செவ்வாயன்று போய்ப் பூட்டிய வாயிலைப் பார்ப்பது இதனால்தான். வடக்கே ஹொக்கைடோவில் உள்ள அசாஹியாமா பருவம் மாறும்போது ஏப்ரலின் பெரும்பகுதியும் நவம்பர் தொடக்கத்தில் சில நாட்களும் மூடியிருக்கும். குளிர்காலத்தில் அது மாலை 3:30-க்கே மூடிவிடும்.

உயெனோவில் நேரம் 9:30 முதல் 5 வரை, 4 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். பெரியவருக்கு 600 யென். 2,400 யென் ஆண்டுச் சீட்டு நான்கு வருகையில் சரிக்கட்டிவிடும், டோக்கியோவாசிகள் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. மார்ச் 20, மே 4, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் நுழைவு இலவசம். புது விலங்கைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மூன்று நாளையும் தவிருங்கள். யானை, கொரில்லா, புலி கிழக்குத் தோட்டத்தில். ஒட்டகச்சிவிங்கி, ஒகாப்பி, ஷூபில் நாரை மேற்கில். பழைய பயணக் குறிப்புகள் இரண்டுக்கும் நடுவே மோனோரயிலில் போகச் சொல்லும். அது 2019 அக்டோபரோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டது. பாலத்தில் நடந்துதான் போக வேண்டும், குழந்தை வண்டி இருந்தால் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். அதே பழைய குறிப்புகளை நம்பிப் பாண்டாவையும் தேட வேண்டாம். கடைசி இரட்டையர் 2026 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டன.

வாயில் திறந்ததும் நேராகப் புது விலங்கிடம் போங்கள், மற்றவை பிறகு. இரவு அறையிலிருந்து வெளியே விட்டவுடன் விலங்கு அடைப்பைச் சுற்றி மோப்பம் பிடிக்கும், ஒளித்து வைத்த தீனியைத் தேடும். மதியம் படுத்துவிடும். மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஒவ்வொன்றாக உள்ளே போகத் தொடங்கும் என்பதால் 3:30-க்கு மேல் நம்ப முடியாது. பிளாஷ் போடாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். புதிதாக வந்ததற்கு இரண்டும் பழகியிருக்காது, மிரண்டு ஒதுங்கினால் அன்றைய காட்சியே முடியும்.

விடைபெறும் விலங்குக்கும் கணக்கு உண்டு. உயெனோவின் ரி ரி, ஷின் ஷின் பாண்டாக்கள் திரும்பப் போவது 2024 ஆகஸ்ட் 30-இல் அறிவிக்கப்பட்டது, கடைசிக் காட்சி செப்டம்பர் 28. அவற்றின் குட்டி ஷான் ஷானின் கடைசி நாளான 2023 பிப்ரவரி 19-இல் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள்தான் பார்க்க முடிந்தது. ஆகவே அறிவிப்பு வந்த வாரத்திலேயே, வேலை நாள் ஒன்றில் போய்விடுங்கள். இனப்பெருக்கத்துக்காக இரவல் வந்த விலங்கானால் ஒப்பந்தப்படி என்றாவது சொந்தப் பூங்காவுக்குத் திரும்பும். அடைப்பின் பலகையில் உரிமையாளர் பூங்காவின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

போய் இறங்கிய பிறகும் வாயிலருகே உள்ள அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் சீட்டு வாங்காதீர்கள், அன்றைய காட்சி நிறுத்தங்கள் அங்கே இருக்கும். படிக்க முடியாவிட்டால் கைபேசியில் விலங்கின் படத்தைக் காட்டி, “கியோ வா மிராரேமாசு கா?” என்று கேளுங்கள்: இன்று பார்க்க முடியுமா என்று பொருள். ஆம் என்றால் அடுத்த கேள்வி, “நான்ஜி மாதே தெசு கா?” எத்தனை மணி வரை என்பது தெரிந்துவிடும்.