காபியில் படம் கழுவும் முன்: ஊசித்துளை கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸுக்குப் பதில் பிஸ்கட் டின்னில் ஊசித்துளை போட்டு எடுத்த படம், காபித் தண்ணீருக்குள் மெல்லக் கருத்து எழுந்துவரும் அந்த நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம். அதனால்தான் இரண்டு முயற்சியிலேயே டின்னைப் பரணில் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பழியை எல்லோரும் காபி மேல் போடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக் கோளாறு அதற்கு முன்பே டின்னில் நடந்து முடிந்திருக்கும்.

டின் தகட்டிலேயே ஆணி அடித்துத் துளை போடாதீர்கள். தகடு தடிமன், விளிம்பில் பிசிறு நிற்கும், படம் மங்கும். குளிர்பானக் கேனிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஊசி முனையால் லேசாக அழுத்தி, பின்னால் எழும் மேட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு ஊசியைச் சுழற்றித் துளையை வட்டமாக்குங்கள். துளை சிறிதாகச் சிறிதாகப் படம் கூர்மையாகும் என்பதும் ஓர் எல்லை வரைதான். அதற்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி மங்கிவிடும். துளைக்கும் டின்னுக்குள் வைக்கும் புகைப்படத் தாளுக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால் 0.45 மி.மீ. அளவில் துளை இருந்தால் போதும்.

இந்தக் கணக்கில் கேமரா சுமார் எஃப் 222, அதாவது இடைவெளியைத் துளையின் அகலத்தால் வகுத்த எண். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணரும் திறன்) 100 ஃபிலிமுக்கு 2 விநாடி, ஐஎஸ்ஓ 6 அளவிலான புகைப்படத் தாளுக்கு அரை நிமிடம் தேவைப்படும். நிழலில் நேரம் நீளும்போது ஃபிலிம் ஒளியை உணரும் வேகம் குறைந்து சோர்ந்துபோகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமில் ஒளி அளக்கும் மீட்டர் 10 விநாடி காட்டினால் 18 விநாடி கொடுக்க வேண்டும். மூடி இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரிய, தாளைப் போட்டுத் துளையையும் மூடி, டின்னை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். கழுவிய தாள் வெள்ளையாக வந்தால் டின் சரி.

இனி காபி. 1995-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் வகுப்பில் இந்த முறை உருவானது. வேலை செய்வது கஃபீன் அல்ல. காபியில் உள்ள காஃபியிக் அமிலம் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டுகளில் 30 சதவீதம் சிக்கரி. அதை வாங்கிவிட்டு அளவு மட்டும் புத்தகப்படி போட்டால் படம் சோகையாகத்தான் வரும். சிக்கரி இல்லாத, விலை குறைந்த ரொபஸ்டா வகை இன்ஸ்டன்ட் காபித்தூள்தான் இதற்கு நல்லது. ஃபில்டர் டிகாக்‌ஷன் வேண்டாம், ஒவ்வொரு முறையும் திடம் மாறும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு சோடாவில். வேண்டியது சலவை சோடா. ஆப்ப சோடா அல்ல. கரைசலில் காரத்தன்மை போதாவிட்டால் எதுவும் அசையாது. பரவலாகப் பயன்படும் கணக்கு இது: ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், காபி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். கண்ணாடித் துண்டு போன்ற படிகச் சோடா கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 54 கிராமுக்குப் பதில் சுமார் 146 கிராம் போட வேண்டும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது, தராசு வாங்குங்கள். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் வேண்டாம், அதில் சர்க்கரையும் வேறு உப்புகளும் கலந்திருக்கும்; தூளாகவே வாங்குங்கள். முதலில் சோடா, அது கரைந்து ஆறியதும் வைட்டமின் சி, கடைசியில் காபி. நுரை அடங்கியதும் அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் 15 நிமிடம் வைத்தால் நெகட்டிவ் அளவுக்கு மேல் கருத்துவிடும், ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டினும் இளகக்கூடும். பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20 காட்டிய பிறகு தொடங்குங்கள்.

நல்ல ஃபிலிமை இறக்குமுன் அதன் முனைத் துண்டை வெளிச்சத்திலேயே வெட்டி அந்தக் கரைசலில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் அட்டைக் கருப்பானால் காபி சரி, கோளாறு இருந்தால் கேமராவில் தேடலாம். அப்புறம், இருட்டறையில் சிவப்பு விளக்கு தாளுக்கு மட்டும்தான். சாதாரண கருப்பு வெள்ளை ஃபிலிம் சிவப்பையும் பார்த்துவிடும், அதற்கு முழு இருட்டு வேண்டும்.

காபியில் கழுவியதோடு வேலை முடிந்தது என்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் படம் கருத்துப்போகும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அவசியம். மீன் தொட்டிக் கடைகளில் குளோரின் நீக்கும் படிகமாக விற்பதும் அதே சோடியம் தயோசல்பேட்தான்; லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் கரைத்தால் போதும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். கலக்கிய பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.