நிலாவரைக்குப் போனால் அவசரப்படாதீர்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் பலர் நிலாவரைக் கிணற்றைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். வான் நிற்கும், ஓரத்தில் நின்று ஒரு படம் எடுப்பார்கள், "இது அடியே இல்லாத கிணறு" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள், அப்புறம் கடலோரத்துக் கீரிமலைக் கேணிக்கு ஓட்டம். எனக்கு அது மனவருத்தம். குடாநாட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. ஒரு காலைப்பொழுதை அதற்கென்றே வையுங்கள்.

யாழ் நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர், புத்தூரை அடுத்த நவக்கிரியில் இருக்கிறது. ஓட்டோவில் போவது லேசு. போய்வரும் கூலியோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்து முன்னமே பேசிக்கொள்ளுங்கள். வெயில் ஏற முன்னர் போய்ச் சேர்வது நல்லது.

கிணறு என்றுதான் பெயர், ஆனால் யாரும் வெட்டியதல்ல. வானர சேனையின் தாகம் தீர்க்க இராமர் அம்பை ஊன்றிய இடம் என்பது ஊர்க்கதை. உண்மையில், குடாநாட்டின் இந்தப் பகுதியான வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் காலங்காலமாகக் கரைத்துக் குகையாக்கும். குகையின் கூரை இடிந்து விழுந்தால் இப்படி வாய் திறக்கும். இந்த மாதிரிப் பள்ளங்களை ஊரில் பொக்கணை என்பார்கள். ஆழத்தையும் அளந்துவிட்டார்கள், ஐம்பது மீற்றர் சொச்சத்தில் அடி தட்டுகிறது. பிள்ளைகளுக்கு அதையே சொல்லுங்கள், உண்மையே போதிய வியப்புத் தரும்.

என் மகளுக்கு இதெல்லாம் விளங்கத் தொடங்கியது சின்னம்மா வீட்டுக் குசினியில். தேத்தண்ணி போடும் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டு, "அம்மம்மா, இது ஊத்தையா?" என்று கேட்டாள். "இல்லை பிள்ளை, சுண்ணாம்பு. எங்கட தண்ணி கல்லுக்குள்ளால தானே வருது" என்றார் சின்னம்மா. மறுநாள் நிலாவரையில் ஓட்டை ஓட்டையாய் அரித்துப்போன கல்லொன்றை நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டிய வெள்ளை மாவை எனக்குக் காட்டினாள். சவர்க்காரம் நுரைப்பதில்லை, தலைமயிர் முரடாகிறது என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முறையிடுவதற்கும் இந்தக் கல்தான் காரணம்.

அடுத்ததாக அவர்களுக்குக் காட்ட வேண்டியது அந்தத் தண்ணீரை. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் இறங்கி, கல்லின் வெடிப்புகளில் தேங்கி, கீழே இருக்கும் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீருக்குப் பாரம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. நிலாவரையிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர், அதற்கும் கீழே உப்பு. மேலே நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு ஏறத்தாழ நாற்பது அடி ஏறும் என்பது நீரியல் கணக்கு. துலா மிதித்து இறைத்த பாட்டன்மார் காலத்தில் கிணறு ஊற நேரம் கிடைத்தது. இப்போது மோட்டர் போட்டால் நிற்பதே இல்லை. உறவினர் வீட்டில் நிற்கும்போது குழாயை ஓடவிட்டுப் பல் தீட்டாதீர்கள், பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நிலாவரையில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதையும் உள்ளே போட்டுப் பார்க்க வேண்டாம். கல்லுக்கு உள்ளே எல்லாமே வெடிப்பும் துளையும் என்பதால் இங்கே விழும் அழுக்கு எந்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. குடித்து முடித்த வெறும் போத்தலையும் அங்கே எறியாமல் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். குளிக்கவும் இறங்காதீர்கள், ஓரத்திலிருந்தே நேரே ஆழம்.

குளிக்க ஆசையென்றால் இருக்கவே இருக்கிறது கீரிமலை. அங்கும் இதே கல்லுக்குள்ளால் வரும் ஊற்றுத்தான், கடலுக்குப் பக்கத்தில் கேணியாய்த் தேங்குகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. ஆடி அமாவாசையன்று தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்ய ஊரே திரண்டு வரும். அந்தக் கடமை உங்களுக்கும் இருந்தால் விடியமுன் போய்விடுங்கள், சும்மா பார்க்கப் போகிறவர்கள் வேறு நாள் பாருங்கள். பக்கத்திலுள்ள நகுலேஸ்வரம் சிவன் கோயிலுக்குள் போக ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டியும் துவாயும் மாற்றுடுப்பும் எடுத்துவையுங்கள். கேணிப் படிகளில் பாசி வழுக்கும். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.