கீழ்க்காய்நெல்லி என்றால் எந்தக் கீழ்க்காய்நெல்லி?

சென்ற வாரம் ஒரு மாணவன் பச்சைத் தூள் நிரப்பிய ஜாம் போத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வந்தான். “கீழ்க்காய்நெல்லி சேர். புற்றுநோய்க் கலங்களில் சோதிக்க வேண்டும்.” எங்கே பறித்தாய் என்றேன். சந்தையில் கட்டாக வாங்கினானாம். 12 ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட அதே பிழை. கையுறை, சுத்தம் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

மாதிரி வைக்காமல் அரைத்தல்

நானும் சந்தையில்தான் வாங்கினேன். நிழலில் உலர்த்தி அரைத்து, மெதனோலில் சாறெடுத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். முதற் சாறு கலங்களை நன்றாகவே கொன்றது. ஆறு மாதம் கழித்து வாங்கிய கட்டு ஒன்றுமே செய்யவில்லை. காரணம் தேட ஒரு கிளைகூட மிச்சமில்லை, எல்லாம் தூள்.

அந்தப் பெயரில் விற்கும் கட்டில் பில்லாந்தஸ் அமரஸ், டெபிலிஸ், யூரினாரியா என்ற மூன்று இனங்களும் கலந்து வரலாம். யூரினாரியாவின் காய் ஏறக்குறையக் காம்பின்றிச் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். அமரஸின் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். செடி கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. அரைத்த பின் வெறுங்கண்ணால் எவராலும் சொல்ல முடியாது. ஓராண்டு உழைப்பும் ஆய்வுப் பணமும் அப்படித்தான் போயின. இன்றும் வயிறு எரிகிறது.

பூவும் காயுமாக இரண்டு மூன்று செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்துங்கள். பறித்த இடமும் திகதியும் எழுதுங்கள். மாரியில் பறித்ததும் கோடையில் பறித்ததும் ஒன்றல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரச் சேகரத்தில் இனத்தை உறுதிசெய்த பிறகு அரையுங்கள்.

டி.எம்.எஸ்.ஓ

சாற்றைக் கரைக்கும் திரவம் இது. கலங்களுக்கு இடும் கலவையில் 0.5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கரைப்பானே கலத்தைக் கொல்லும்.

ஊதா நிறத்தை நம்புதல்

கலங்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனையில் உயிருள்ள கலங்கள் மஞ்சட் சாயத்தை ஊதாவாக்கும். பொலிபீனோல் மிகுந்த சாறு, சோதனைத் தட்டில் கலமே இல்லாத குழியிலும் அதைச் செய்துவிடும். செத்த கலம் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். சாறும் சாயமும் மட்டும் உள்ள குழிகளை ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள்.

நலமான கலங்கள்

சாறு அவற்றையும் கொல்கிறதா என்று ஒப்பிடாத முடிவை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

தட்டிலிருந்து நேரே நோயாளிக்கு

தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவரின் மகள், பட்டிப்பூ இலையை அவித்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் தங்கச்சி என்றேன். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வந்தது. ஆனால் அதை உடற்பரப்புக்கு ஏற்ப அளந்து, நாளத்தில் மட்டுமே ஏற்றுகிறார்கள். பெரியவருக்கும் வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமோடு நிறுத்திவிடுவார்கள். அவித்த இலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அடுப்படியில் யார் அளப்பது?