நாள் முழுக்க செய்தி பார்த்தும் விஷயம் தெரியவில்லையா? எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கணக்கு வைத்துப் பாருங்கள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று ராத்திரிதான் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மதியம் வரைக்கும் கடலூரில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், "புயலெல்லாம் இல்லப்பா, வலுவிழந்து தாழ்வு மண்டலமாத்தான் வரும், நியூஸ்லயே சொல்லிட்டான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. வியாழக்கிழமை வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பே அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அது புயலாகிவிட்டது, கணிப்பும் மாறிவிட்டது. அண்ணனிடம் இருந்தது வியாழக்கிழமை வந்த வீடியோ. அது வெள்ளி, சனி இரண்டு நாளும் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அத்தை காலையில் ரேடியோவில் பத்து நிமிஷம் செய்தி கேட்டார், மொட்டை மாடியில் கிடந்த தகரத்தை இறக்கிக் கட்டி வைத்தார், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் கேட்ட அத்தைக்குத் தெரிந்தது பத்து மணி நேரம் போன் பார்த்த அண்ணனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், நானே சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "முக்கியமான செய்தின்னா தானா நம்மகிட்ட வந்துடும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2017-ல் இதையே ஆராய்ந்து வெளியான ஓர் ஆய்வில், செய்தி தன்னைத் தேடி வரும் என்று நம்புகிறவர்களுக்கு நாளாக ஆக அரசியல் விவரங்கள் குறைவாகவே தெரிகின்றன என்று வந்தது. ஆனால் அவர்கள் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 2020-ல் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் கை காட்டுகிறது. அரசியல் செய்திக்குச் சமூக ஊடகத்தையே பிரதானமாக வைத்திருப்பவர்களில் 57 சதவீதம் பேர் நடப்பு பற்றிய கேள்விகளில் கடைசி வரிசையில் இருந்தார்கள், நன்றாகப் பதில் சொன்னவர்கள் 17 சதவீதம். செய்தித் தளங்கள், செயலிகள் வழியாகப் படிக்கிறவர்களில் நன்றாகச் சொன்னவர்கள் 45 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ஃபேஸ்புக் பார்த்தால் அறிவு குறைந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. சமூக ஊடகத்தையே நம்பியிருப்பவர்களில் இளவயதினர் அதிகம், படிப்பும் சராசரியாகக் குறைவு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்தான் பேப்பரைத் தேடிப் போகிறார் என்றும் சொல்லலாம். அதனால் அடுத்தவர் கணக்கு நமக்கு எதற்கு, நம் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

ஒரு நோட்டு எடுங்கள். ராத்திரி படுக்கப் போகும் முன், அன்று காதில் விழுந்த ஏதாவது மூன்று செய்திகளை, போனைப் பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த ஊருக்குப் பொருந்தும், எவ்வளவு, அடுத்து என்ன நடக்கும். பக்கத்தில், எதில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். தினத்தந்தி, வாட்ஸ்அப், டீக்கடைப் பேச்சு, டிவி விவாதம், எதுவாக இருந்தாலும் சரி. ஏழு நாள் இப்படிச் செய்துவிட்டு எந்த இடத்தில் பார்த்த செய்திக்கு ஐந்தும் நிரம்பியிருக்கிறது, எதில் "யாரோ சொன்னாங்க" என்று நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தபோது, தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த டிவி விவாதத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது மட்டும் அச்சு அசலாக நினைவிருந்தது. எதைப் பற்றி விவாதம், என்ன முடிவானது என்று ஒரு வரி எழுத வரவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது.

உதாரணத்துக்குப் புதுச்சேரி மாநில அந்தஸ்து விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேறியது என்று பலமுறை செய்தி வந்திருக்கிறது. பார்த்தவர்களிடம் "சரி, தீர்மானம் போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்று கேளுங்கள். பாதிப் பேர் மாநிலம் கிடைத்துவிட்ட மாதிரியே பேசுவார்கள். பேரவைத் தீர்மானம் ஒரு கோரிக்கைதான், நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் மாநில அந்தஸ்து வரும் என்பதைச் சொல்கிற செய்தியும் உண்டு, மேஜை தட்டியதை மட்டும் காட்டுகிற செய்தியும் உண்டு. ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதில் நேரத்தைக் குறையுங்கள்.

அடுத்தது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். கடலூரில் பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் வேறு அரசு. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் புதுச்சேரி. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று எத்தனை பேர் இருக்கிறோம்! பள்ளி விடுமுறை, ரேஷன், நிவாரணம் எல்லாமே இரண்டு இரண்டு. ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். எங்கள் குரூப்பில் வந்த மெசேஜில் 'ரேஷன் கார்டுக்கு 5,000' மட்டும் இருந்தது, எந்த அரசு என்ற வார்த்தை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. தெருவில் ஒரு அக்கா கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய், வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் கூலியும் போயிற்று. எந்த ஊருக்குப் பொருந்தும் என்ற மூன்றாவது கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அக்காவால்தான்.

இதற்கு ஒரு எளிய வழி, ஒரே பேப்பரின் இரண்டு பதிப்பையும் ஒருநாள் வாங்கிப் பாருங்கள். காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, புதுச்சேரியில் இறங்கியதும் அதே பேப்பரில் ஒன்று. தலைப்புப் பெயர் ஒன்றுதான், உள்ளே மாவட்டப் பக்கங்கள் வேறு. உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் எந்தப் பதிப்பு உதவும் என்று அப்போது புரிந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் டீக்கடை இருக்கவே இருக்கிறது. பேப்பருக்கு ஒரு குறை உண்டு, ராத்திரியே அச்சுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நடந்தது மறுநாள்தான் வரும். புயல் நேரத்தில் காலைப் பேப்பரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. விடுமுறை, நிவாரணம் போன்றவற்றுக்குக் கடலூர் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் செய்திக்குறிப்பு, புதுச்சேரி என்றால் அந்த அரசின் செய்தி விளம்பரத் துறை. இவற்றில் வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும்.

மழை, புயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் செய்தி தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து வருவது இதில்தான். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை நேரே படிக்கப் பழகுங்கள், பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புது அறிக்கை வரும், முந்தையது பழசாகிவிடும். அடுத்து அளவு. பொதுவாக ஆரஞ்சு அலர்ட் என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, ரெட் என்றால் அதற்கும் மேல் அதி கனமழைக்கு வாய்ப்பு என்று அர்த்தம். மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதனால்தான் ஒரே மழைக்கு ராத்திரி டிவியில் ஒரு அளவும் காலையில் வேறு அளவும் சொல்கிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் பதிவான 48.4 செ.மீ. டிசம்பர் 1 காலை 8.30 வரையிலான 24 மணி நேரக் கணக்கு.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். எண் கூடினால் ஆபத்து கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றுமே அபாயம்தான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 பெரிய அபாயம், அதிலும் அதே பக்கக் கணக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டால் 'ஆறாம் எண் ஏழாம் எண்ணானது' என்ற பிளாஷ் நியூஸைப் பார்த்து நெஞ்சு படபடக்காது.

வானத்தைப் பார்த்து மழை விட்டது என்று நிம்மதியாக இருந்தவர்களைத்தான் டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை ஆறு பிடித்தது. அன்று அதிகாலை திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். அந்த ஆறு கடலில் கலப்பது கடலூரில். நமக்கு வெள்ளம் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் நாம் பார்க்கிற சேனல்கள் பெரும்பாலும் சென்னையில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் ஊர் அவர்களுக்கு, குறை சொல்லவில்லை. நாம் தேட வேண்டியது சாத்தனூர் நிலவரம், ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு ஆட்சியர் கொடுக்கும் எச்சரிக்கை. புதுச்சேரியின் பாகூர் பக்கம் இருப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும், ஆறு எந்த அரசு என்று கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டில் ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது கரண்ட் நாள்கணக்கில் இல்லை. டிவி கிடையாது, போனில் சார்ஜ் கிடையாது, டவரும் கிடையாது. பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில்தான் தெருவே உட்கார்ந்திருந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். ஐப்பசி பிறந்ததும் பேட்டரி மாற்றி வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. தெருவில் மரம் விழுந்தது, பாலத்தில் தண்ணீர் ஏறியது மாதிரி விஷயங்கள் அதில்தான் முதலில் வரும். ஆனால் மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள், அனுப்பியவர் நம் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் எழுதியவர் அவர் இல்லை. அதில் தேதி இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, சொன்னவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெரியவர்களிடம் "இது பொய்" என்று எல்லோர் முன்னாலும் எழுதாதீர்கள், மனசு கஷ்டப்படும், அடுத்த முறை கேட்கவும் மாட்டார்கள். தனியாகப் போன் போட்டு, "சித்தப்பா, இது எப்ப வந்த வீடியோன்னு தெரியுமா?" என்று கேட்டால் அவரே அழித்துவிடுவார்.

எங்கள் தெரு குரூப்பில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. செய்தி போடுகிறவர் முதல் வரியில் தேதி, மணி, ஊர், யார் சொன்னது என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். போன மழைக்கு முதல் ஆளாக அப்படிப் போட்டது அந்த அண்ணன்தான்.